ஊருணியைக் குடித்த வேன்

நரிக்கொம்பனேந்தல் ஊருணியைப் பஞ்சவர்ணத்தின் வேன் ஒரே மூச்சில் குடித்து முடித்தது சித்திரை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்கு, பூசாரி சங்கையா பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்துக்குள்ளேதான். அதனால் நேரத்தின்மேல் யாரும் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. சொன்னவர்கள் எல்லாரும் பஞ்சவர்ணத்தின்மேல்தான் சொன்னார்கள்.

அந்த ஊரில் குடிக்கிற தண்ணீர் என்றால் ஊருணித் தண்ணீர்தான். குழாய் ஒன்று இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பத்து நாளைக்கு ஒருதரம் அது கனைக்கும், இருமும், காற்றை விடும், மனசு வந்தால் ரெண்டு குடம் கொடுக்கும். ஊருணிக்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும், கை கழுவக் கூடாது, துணி அலசக் கூடாது, ஆடு மாடு எட்டிப் பார்க்கக் கூடாது, வெற்றிலை போட்டவன் குனியக்கூடக் கூடாது. இத்தனை கூடாதுகளுக்கு நடுவில், ஒரு வேன் பின்பக்கமாக இறங்கக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் அது தோன்றவில்லை.

பஞ்சவர்ணம் கரிமூட்டம் போடுகிற காத்தமுத்துவின் பெண்டாட்டி. சீமைக்கருவேலை வெட்டி, அடுக்கி, மண்ணால் மூடி, தீ வைத்து, புகையிலேயே வெந்து கரியெடுக்கிற வேலையில் இருபது வருஷம் கிடந்தவள், ஒருநாள் திடுதிப்பென்று "நான் வண்டி ஓட்டப் படிக்கப் போறேன்" என்று பரமக்குடிக்குக் கிளம்பினாள். காரணம் இருந்தது. அந்த வருஷம் ஊரில் ஐந்து பெண்பிள்ளைகள் பத்தாவது எழுதியிருந்தார்கள், ஐந்தும் பாஸாகிவிடும் என்று வாத்தியாரே சொல்லிவிட்டார். பதினொன்றாம் வகுப்புக்குச் சிறுவயலூர் போக வேண்டும், பஸ் கிடையாது, வழி நெடுக ஆளை மறைக்கிற கருவேலங்காடு. "வண்டி இருந்தா அனுப்புறோம், காட்டு வழியா நடத்தி அனுப்ப மாட்டோம்" என்று ஐந்து வீட்டிலும் ஒரே பேச்சு. அதற்குள் பனியன் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்ட் ஒருவன் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "பள்ளிக்கூடம் திறக்கிற திங்கக்கிழமை பதினோரு மணிக்கு எங்க வேன் வரும், பிள்ளைகள ஏத்தி விட்டுருங்க, தங்க ரூம் இருக்கு, மூணு வேளையும் சோறு" என்று சொல்லிவிட்டு, ரொம்ப நல்ல மனுஷன் போலப் பல்லைக் காட்டிவிட்டுப் போயிருந்தான். பஞ்சவர்ணமும் ஒரு காலத்தில் பத்தாவது பாஸானவள்தான். பாஸான மறுமாதமே கரிமூட்டத்துக்கு அனுப்பப்பட்டவள். அதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டு இருக்கவில்லை, நெருக்கி உட்கார்ந்தால் எட்டுப் பேர் போகிற மாதிரி ஒரு பழைய வெள்ளை வேனை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

புது வண்டியோ பழைய வண்டியோ, ஊருக்குள் ஓடப்போகிற வண்டி முதலில் கருப்பசாமியைப் பார்த்து நிற்க வேண்டும். கருப்பசாமி கோயில் இருப்பது ஊருணிக்கரையில். ஆகவே வேனின் முகம் சாமிக்கும் முதுகு தண்ணீருக்குமாக நிறுத்தி, மாலை போட்டு, சந்தனம் அப்பி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, "நேரா விடு ஆத்தா, பழம் நசுங்கணும்" என்று சங்கையா சொல்ல, பொம்பளைகள் எல்லாரும் குலவை போட்டார்கள். அந்தக் குலவைதான் கெடுத்தது என்று பஞ்சவர்ணம் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். பரமக்குடியில் அவள் படித்த காரில் முதல் கியர் இடப்பக்கம் மேலே இருந்தது. இந்த வேனில் அதே இடத்தில் ரிவர்ஸ் உட்கார்ந்திருந்தது. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை, வீட்டு வாசலில் முப்பது தடவை போட்டுப் பழகியிருந்தாள், ஆனால் நாற்பது பொம்பளைகள் காதுக்குள் குலவை போடும்போது கை பழைய இடத்துக்குத்தானே போகும்? போனது. வேன், வைத்த பழம் வைத்தபடி இருக்க, சாமியைப் பார்த்தபடியே மரியாதையாகப் பின்வாங்கி, போன வருஷம் தூர்வார ஜே.சி.பி. இறங்குவதற்காக வெட்டி, தூர்வாராமலே விட்டிருந்த சரிவில் வழுக்கி, ஊருணிக்குள் இறங்கி, சீட் உயரத் தண்ணீரில் நின்று, அணைந்துபோனது.

அந்த மட்டோடு நின்றிருந்தால் ஒரு கயிற்றைக் கட்டி இழுத்திருப்பார்கள், கதையும் முடிந்திருக்கும். கரையில் நின்ற சனம் சும்மா இருந்தால்தானே? "ஸ்டார்ட் பண்ணு! ஸ்டார்ட் பண்ணு!" என்று ஊரே கத்தியது. பிரசிடெண்ட் சேதுராமு கத்தினார், காத்தமுத்து கத்தினான், மதினி இருளாயி கத்தினாள், பூசாரி வேல்கம்பை ஆட்டி ஆட்டிக் கத்தினார். பஞ்சவர்ணத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, சாவிதான் கைக்குப் பக்கத்தில் இருந்தது. திருப்பினாள்.

வேன் ஒரு விக்கல் எடுத்தது. பிறகு குடிக்க ஆரம்பித்தது. வெயிலில் நாலு மைல் நடந்து வந்தவன் செம்பை அண்ணாந்து ஊற்றுகிற மாதிரி கடகடவென்று சத்தம், தண்ணீர் நாலு பக்கமிருந்தும் வேனைப் பார்த்து ஓடி வந்தது, படித்துறையின் ஏழாவது படி தெரிந்தது, பன்னிரண்டாவது படி தெரிந்தது, யாருமே பார்த்திராத இருபதாவது படி தெரிந்தது, எட்டு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன ரெண்டு பித்தளைக் குடமும் ஒரு சைக்கிளும் தெரிந்தன, அப்புறம் நடுக்குழியில் மிச்சமிருந்த ஒரு வாய்த் தண்ணீரையும் உறிஞ்சிவிட்டு வேன் ஒரு ஏப்பம் விட்டு அமைதியானது. கருப்பசாமி பார்த்துக்கொண்டேயிருந்தார். ஊருணி முழுக்க மீன் துள்ளியது.

ஊர் முதலில் செய்த காரியம் மீன் பிடித்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஒப்பாரி, ஏச்சு, பஞ்சாயத்து எல்லாம் மத்தியானத்துக்கு மேல்தான். அன்றைக்கு நரிக்கொம்பனேந்தலில் மீன்குழம்பு கொதிக்காத வீடு கிடையாது. சாப்பிட்டுக் கை கழுவப் போனபோதுதான் பானையில் தண்ணீர் இல்லை என்பது நினைவுக்கு வந்து, எல்லாரும் கையில் குழம்போடு பஞ்சவர்ணத்தின் வீட்டு வாசலில் கூடினார்கள்.

"ஒரு ஊரோட தண்ணிய இப்படி ஒரே மடக்குல முழுங்கிட்டியேடி பாவி!" என்றாள் இருளாயி. அவள் பஞ்சவர்ணத்தின் அண்ணன் பெண்டாட்டி, அவள் மகள் அழகுசுந்தரி ஐந்து பிள்ளைகளில் ஒருத்தி.

"நானா முழுங்குனேன் மதினி? வேன்தான முழுங்குச்சு."

"பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்" என்றார் பிரசிடெண்ட். அவருடைய டிராக்டரை அவரே ரெண்டு தடவை கண்மாய்க்குள் விட்டிருக்கிறார், ஆனால் கண்மாய் குடிபடவில்லை என்பதால் அது கணக்கில் வராது.

மறுநாள் பரமக்குடியிலிருந்து பீர்முகமது மெக்கானிக்கை வரவழைத்தார்கள். ஊரார் வேனைத் தள்ளிக்கொண்டு வந்து சாவடி முன்னால் நிறுத்தியிருந்தார்கள், தள்ளுவதற்கு முப்பது பேர் வேண்டியிருந்தது. இந்த வேனில் இன்ஜின் இருப்பது ஓட்டுகிறவர் சீட்டுக்கு அடியில். பீர்முகமது பாய் சீட்டில் காதை வைத்துப் படுத்து ரொம்ப நேரம் கேட்டார். உள்ளே அலை அடித்தது. ஒரு தவளை கத்தியது.

"தண்ணிக்குள்ள அணைஞ்ச வண்டியத் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாதும்மா" என்றார் எழுந்து. "யாரு பண்ணச் சொன்னது?"

ஊர் முழுக்க அவரவர் கால் கட்டைவிரலைப் பார்த்தது.

"காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. பிஸ்டனுக்கு மேல தண்ணி நிக்கும்போது அமுக்குனா, உள்ள இருக்கிற ராடு வளைஞ்சுபோகும். வளைஞ்சிருக்கலாம். வளையாமலும் இருக்கலாம். பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"பிரிங்க பாய்" என்றாள் பஞ்சவர்ணம்.

"பிரிச்சா ஊருணி வெளிய வரும் தங்கச்சி. நானும் போயிருவேன், நீயும் போயிருவ, சாவடியும் போயிரும்."

"பிரிக்காம?"

பாய் தாடியைச் சொறிந்தார். "பின்னால போயித்தான குடிச்சுச்சு. முன்னால ஓட்டுனா கக்கிரும். கக்கி முடிச்ச பெறகு இன்ஜின் என்ன சத்தம் போடுதுன்னு கேட்டா, ராடு எப்படி இருக்குன்னு சொல்லிருவேன்." முப்பது வருஷமாக இதே மாதிரி வண்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பவர் போலச் சொல்லிவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டு மொபெட்டில் ஏறிப் போனார்.

அவர் போனதும், எதற்கும் பார்ப்போமே என்று பஞ்சவர்ணம் சீட்டில் ஏறி, சாவியைப் போட்டு, கியர் போடாமல் ஆக்சிலேட்டரை லேசாக ஒரு மிதி மிதித்தாள். சைலன்சரிலிருந்து பளிச்சென்று ஒரு குடம் தண்ணீர் வந்து பின்னால் நின்ற இருளாயியின் காலில் விழுந்தது. இருளாயி வாயைத் திறந்தாள், திட்டுவதற்கு. அதற்குள் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள். ஊருணித் தண்ணீர்தான், ஆனால் மண் நாற்றம் இல்லை, பாசி இல்லை, பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. இருளாயி வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம், அவளுக்குப் பின்னால் தெரு முழுக்கக் குடம்.

இப்படித்தான் வேன் ஊருணியானது. காலை ஆறிலிருந்து எட்டு, சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. வீட்டுக்கு ஐந்து குடம். வேனுக்குப் பத்தடி தள்ளிச் செருப்பைக் கழற்றிவிட வேண்டும், ஆடு மாடு அண்டக் கூடாது, வெற்றிலை போட்டவன் சைலன்சர் பக்கம் குனியக் கூடாது. சங்கையா சைலன்சருக்குச் சந்தனம் தடவி ஒரு முழம் கதம்பமும் சுற்றினார். வேறு யார் மிதித்தாலும் தண்ணீர் வரவில்லை, ஜே.சி.பி. ஓட்டுகிற பிரசிடெண்ட் மருமகன் மீசையை முறுக்கிக்கொண்டு ஏறி மிதித்துப் பார்த்தான், ஒரு தலைப்பிரட்டை வந்து விழுந்தது, அவ்வளவுதான். பஞ்சவர்ணத்தின் வெறுங்கால் பட்டால்தான் வேன் மனசு வைத்தது. அவள் காலையில் ஏறி உட்கார்வாள், கண்ணாடியில் பின்னால் பார்ப்பாள், குடம் நிறைந்தால் ஒரு ஹாரன், மேலத்தெரு முடிந்து கீழத்தெரு தொடங்கினால் இடப்பக்க இண்டிகேட்டர், யாராவது வரிசையில் புகுந்தால் வைப்பரை ஓட விடுவாள். வண்டி ஒரு அடி நகரவில்லை, ஆனால் ஓடிய கிலோமீட்டர் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பெட்ரோல் முள் தண்ணீர் அளவைக் காட்டியது. ஊரில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் "சாப்பிட்டாச்சா" என்று கேட்கிற பழக்கம் போய், "முள்ளு எங்கிட்டு நிக்குது?" என்று கேட்கிற பழக்கம் வந்தது.

யூனியன் ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்து வேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, இதை நீர்நிலை என்று எழுதுவதா வாகனம் என்று எழுதுவதா என்று தெரியாமல், ரெண்டு குடம் பிடித்துக்கொண்டு போனார். இன்சூரன்ஸுக்குப் போன் போட்டால் ஒரு பொண்ணு தேன் மாதிரிக் குரலில் "வண்டி தண்ணியில விழுந்துச்சா, இல்ல தண்ணி வண்டியில விழுந்துச்சா மேடம்?" என்று கேட்டது. "ரெண்டும்தான் ஆத்தா" என்றாள் பஞ்சவர்ணம். அதற்கு அவர்களிடம் பாலிசி இல்லையாம்.

ஒரு வாரம் அவளுக்கும் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்? திட்டின வாயெல்லாம் "எங்க பஞ்சவர்ணம்" என்றது. ஊரே அவள் காலை நம்பியிருந்தது. ஆனால் பத்தாவது ரிசல்ட் வந்து, ஐந்து பிள்ளைகளும் மிட்டாயோடு வந்து, "அத்தே, எப்ப அத்தே வண்டி ஓடும்?" என்று அழகுசுந்தரி கேட்டபோது, பஞ்சவர்ணம் வாங்கின மிட்டாயை வாயில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலமே பிரசிடெண்டிடம் போனாள். "மாமா, தண்ணியக் கொண்டுபோய் ஊருணியிலயே விட்டுருவோம். வேன் காலியாயிரும், ராடு நல்லாருக்கான்னு பாத்துக்கலாம், பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போயிரும்."

"செய்வோம்த்தா. செய்ய மாட்டோம்னா சொல்றேன்? மழை விழட்டும்."

மழை விழ ஐப்பசியாகும். பஞ்சவர்ணம் ஊருணியைப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஊருணித் தரையில் பாதியில் பிரசிடெண்ட் வெள்ளரி போட்டிருந்தார், பிஞ்சு விட்டிருந்தது. வடக்கே இளவட்டங்கள் கிரிக்கெட் ஆடினார்கள். சங்கையா ஆடு கட்டியிருந்தார். ஒரு மூலையில் அழகாக அடுக்கி மண் பூசி ஒரு கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. அதைப் போட்டவனை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நீங்களுமா?" என்றாள் வீட்டுக்கு வந்து.

காத்தமுத்து தலையைச் சொறிந்தான். "காத்தடிக்காத எடம் புள்ள. தோதா இருந்துச்சு. மழை விழவும் எடுத்துர்றேன்."

வீடு வீடாகப் போனாள். ஒருத்தரும் முடியாது என்று சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஊருணிக்கு நடந்தால் அரை மைல், சாவடிக்கு நாலு எட்டு. படியிறங்கி ஏறினால் முட்டி வலிக்கும், சைலன்சருக்குக் கீழே குடத்தை வைத்தால் போதும். "நல்லாத்தான இருக்கு, இதைப் போயி எதுக்குக் கலைக்கணும்?" என்றார்கள். "ராடு வளைஞ்சிருந்தா அந்த வேன் எப்படியும் ஓடப்போறதில்ல, தண்ணியும் போயி வண்டியும் போயி நிக்கணுமா?" என்றார்கள். உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாருக்கும் ஆசையும் இல்லை. இருளாயி மட்டும் மகளைக் காட்டி, "அவளுக்கு ஒரு பை வாங்கிருக்கேன் பஞ்சவர்ணம், ஜிப்பு வச்ச பை" என்றாள். பள்ளிக்கூடத்துக்கா கம்பெனிக்கா என்று சொல்லவில்லை. எதுக்கும் உதவும் பைதான்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, டீக்கடைக்காரருக்கு ஏஜென்ட் போன் போட்டான்: பதினோரு மணிக்கு வேன் வருகிறது, பிள்ளைகள் ரெடியா இருக்கட்டும். பஞ்சவர்ணமும் ஒரு போன் போட்டாள், பீர்முகமது பாய்க்கு. அப்புறம் ஐந்து வீட்டுப் பின்வாசலிலும் போய் ஐந்து பிள்ளைகளிடமும் ஒரே வார்த்தை சொன்னாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வரிசை வழக்கம்போல நின்றது. பஞ்சவர்ணம் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து ஏறினாள். அவளுக்குப் பின்னாலேயே, ரிப்பன் கட்டின ரெட்டைச் சடையோடு ஐந்து பிள்ளைகள் வந்து, மளமளவென்று பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஊருக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் ஆளாகக் குடத்தை வைத்திருந்த இருளாயி, கண்ணாடி வழியாக மகளைப் பார்த்துவிட்டு, "அவ எதுக்கு உள்ள ஏறுனா?" என்றாள்.

"பள்ளிக்கூடம் தொறக்குது மதினி. தண்ணிய இனிமே ஊருணியில பிடிச்சுக்கங்க."

குடங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிரசிடெண்ட் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து வேனுக்கு முன்னால் ரெண்டு கையையும் விரித்து நின்றார். பின்னால் குடங்களோடு ஊரே மறித்து நின்றது.

"ஏத்தா, இது ஊர்ச் சொத்து! நீ பாட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது!"

"வண்டி என் பேர்ல இருக்கு மாமா."

"உள்ள இருக்கிற தண்ணி ஊர்ப் பேர்ல இருக்கு!"

"அதைத்தான குடுக்கப் போறேன்" என்றாள் பஞ்சவர்ணம். "மாமா, அன்னைக்கு ஸ்டார்ட் பண்ணு ஸ்டார்ட் பண்ணுன்னு கரையில நின்னு கத்துனது நீங்க எல்லாரும். முழுங்குனது மட்டும் நான்னு ஆயிருச்சு. சரி, போகட்டும். இப்பத் தள்ளி நில்லுங்க. எனக்கு இன்னமும் எது ஃபர்ஸ்ட்டு, எது ரிவர்ஸுன்னு கொழப்பமாத்தான் இருக்கு."

முன்னால் நின்றவர்களும் பின்னால் நின்றவர்களும் ஒரே சமயத்தில் ரெண்டு பக்கமும் தாவி விழுந்தார்கள். பிரசிடெண்ட் சாவடிப் படியேறி நின்றுகொண்டார். தெரு அப்படியே காலியானது.

பஞ்சவர்ணம் கையால் கியரைத் தடவிப் பார்த்தாள். கண்ணை மூடினாள். யாரும் குலவை போடவில்லை, நல்லதாகப் போயிற்று. போட்டாள், கிளட்ச்சை மெல்ல மெல்ல விட்டாள். வேன் முன்னால் நகர்ந்தது.

அப்போது சைலன்சரிலிருந்து வந்த தண்ணீர் குடம் கணக்கு இல்லை, மடை கணக்கு. தெருவை நனைத்து, வாசல் கோலங்களை அழித்து, கோழிகளை விரட்டிக்கொண்டு வேன் ஊருணிக்கரைக்குப் போய், ஜே.சி.பி. சரிவில் இறங்கி, காய்ந்து வெடித்த தரையில் சுற்ற ஆரம்பித்தது. களத்தில் பிணையல் மாடு சுற்றுகிற மாதிரி நடுவிலிருந்து தொடங்கி ஒரு சுற்று, அதற்கு வெளியே ஒரு சுற்று, அதற்கும் வெளியே ஒரு சுற்று. பின்னால் தண்ணீர் துரத்திக்கொண்டே வந்தது. ஊர் கரையில் நின்று கத்தியது: "நிறுத்துடி! பிரேக்கப் போடு! ஹாண்ட் பிரேக்கப் போடு!" ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்று சொன்னார்கள், பஞ்சவர்ணம் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டாள். வெள்ளரிப் பிஞ்செல்லாம் கொத்துக் கொத்தாக மிதந்து வந்தன, பிரசிடெண்ட் நெஞ்சில் அடித்துக்கொண்டார். கிரிக்கெட் குச்சி மூன்றும் மூழ்கின. சங்கையா வேட்டி நனைய ஓடி ஆட்டுக்குட்டிகளைத் தோளில் தூக்கினார். காத்தமுத்துவின் கரிமூட்டத்தைத் தண்ணீர் தொட்டபோது 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம், ஊரை மறைக்கிற அளவுக்கு வெள்ளைப் புகை. காத்தமுத்து கரையில் நின்று அந்தப் புகையையும், புகைக்குள் மறைந்து மறுபக்கம் வெளியே வந்த பெண்டாட்டியையும் பார்த்தான். "ஏ புள்ள, லெஃப்ட்ல ஒடி! மேடு லெஃப்ட்ல இருக்கு!" என்று கத்தினான். அன்றைக்கு அந்தக் கரையிலிருந்து வந்ததில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

உள்ளே பிள்ளைகள் முதலில் அலறினார்கள், மூன்றாவது சுற்றில் சிரிக்க ஆரம்பித்தார்கள், ஆறாவது சுற்றில் அழகுசுந்தரி "இன்னும் ஒண்ணு அத்தே!" என்றாள். பஞ்சவர்ணத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இருபதாவது படி மறைந்தது, பன்னிரண்டாவது மறைந்தது, தண்ணீர் சக்கரத்தில் பாதியை எட்டியபோது முள் கீழே படுத்தது, சைலன்சர் கடைசியாக அந்தத் தவளையைத் துப்பியது, பஞ்சவர்ணம் லெஃப்டில் ஒடித்துச் சரிவில் ஏறினாள். வேன் சொட்டச் சொட்டக் கரைமேல் வந்து நின்றது. ஊருணி ததும்பியது.

ஊர் தண்ணீரைப் பார்த்தது. அப்புறம் வேனைப் பார்த்தது. ஏனென்றால் வேன் இப்போது சத்தம் போட்டது, தண்ணீர்ச் சத்தம் இல்லை, இரும்புச் சத்தம். கடக்... கடக்... கடக்.

பீர்முகமது பாய் அப்போதுதான் மொபெட்டில் வந்து இறங்கினார். பஞ்சவர்ணத்தை இறங்கச் சொல்லிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்மேல் காதை வைத்தார். இருளாயி குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த தெருவிலிருந்து வரப்போகிற சத்தத்தைக் கேட்கிற மாதிரி பாய் ரொம்ப நேரம் கேட்டார்.

"வளைஞ்சிருக்கு தங்கச்சி" என்றார். "ஒரு ராடு. ரொம்ப இல்ல, கொஞ்சம்."

பஞ்சவர்ணம் வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நான் பண்ணுனதுதான?"

"நீ பண்ணுனதுதான்" என்றார் பாய். அவர் பொய் சொல்லிப் பழகாத மனுஷன்.

"நாங்க பண்ணுனது" என்றாள் இருளாயி. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன பாக்குறீக? நானுந்தான் கத்துனேன்."

"ஓடுமா பாய்?" என்றாள் பஞ்சவர்ணம்.

"அது சொல்ல முடியாதும்மா. இந்தச் சத்தத்தோட பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடுன வண்டியும் நான் பாத்திருக்கேன். பத்துக் கிலோமீட்டர்ல நின்ன வண்டியும் பாத்திருக்கேன். பத்துக்குத்தான் நான் வாக்குக் குடுப்பேன், அதுக்கு மேல அல்லா விட்ட வழி. பட்டறைக்குக் கொண்டாந்தா பதினஞ்சு நாள்ல பிரிச்சு மாட்டித் தர்றேன்."

பதினைந்து நாள். பாயின் கைக்கடிகாரத்தில் மணி ஏழேமுக்கால். பதினோரு மணிக்கு இன்னொரு வேன் வரும், அது எந்தச் சத்தமும் போடாது. பஞ்சவர்ணம் பின் சீட்டைப் பார்த்தாள். ஐந்து முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன, யாரும் இப்போது சிரிக்கவில்லை. இருளாயி குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு, வேன் பின்னால் ஓடிவரும்போதே வீட்டிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டியிருந்த அந்த ஜிப்பு வைத்த பையை மகள் மடியில் போட்டாள். உள்ளே தூக்குச்சட்டி கலகலத்தது.

"சிறுவயலூர் எம்புட்டுத் தூரம்டி?" என்று பாயையும் பிரசிடெண்டையும் பார்க்காமல், பின்னால் திரும்பி அழகுசுந்தரியைக் கேட்டாள் பஞ்சவர்ணம்.

"ஒம்போது கிலோமீட்டர் அத்தே."

பஞ்சவர்ணம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"அப்ப ஒண்ணு மிச்சம் இருக்கு பாய்" என்றாள்.